ஓட்டை இல்லாத டப்பா

புகைதான் வந்தது. தீ வரவில்லை.

தளவாய் பால்பொடி டப்பாவுக்குள் வாயை வைத்து ஊதினான். இவ்வளவு நேரம் போக வழியில்லாமல் கிடந்த புகை மொத்தமும் அவன் மூக்கில் ஏறியது. இருமி முடித்து நிமிர்ந்தான். கங்கு லேசாகச் சிவந்திருந்தது. சந்தோஷமாகக் கொள்ளுக் கிண்ணத்தை டப்பாவின் வாயில் வைத்தான். உடனே அணைந்தது. எடுத்தால் எரிகிறது, வைத்தால் அணைகிறது. இது நாலாவது தடவை.

"அப்போ கிண்ணத்தை வைக்காமலே சமைச்சிருங்கண்ணே" என்றது மாடக்கண்ணு என்கிற கீரி.

தளவாய் ஒரு மரநாய். பேரில் மரமும் உண்டு, நாயும் உண்டு. அவன் இரண்டும் இல்லை. அதைவிட அவனை உறுத்தியது ஊர் வைத்த பேர்தான். ரகசியம் எதுவும் அவனிடம் அரை நாள்கூடத் தங்காது. அதனால் காடு முழுக்க அவனுக்கு 'ஓட்டை வாய் தளவாய்'. போன மழையில் அவன் குடியிருந்த பொந்து ஒழுகியது. அன்றிலிருந்து 'ஓட்டை வீட்டு ஓட்டை வாய்'. ஓட்டை என்று யாராவது சொன்னாலே அவன் முடி சிலிர்த்துக்கொள்ளும்.

குளம் வற்றிவிட்டது. அடுத்த குளம் மூன்று நாள் நடை. எல்லாரையும் கூட்டிப்போவது ஆவுடையம்மா என்கிற கிழட்டு யானை. வழியில் தின்ன ஒரு மூட்டைக் கொள்ளு இருந்தது. பச்சையாகத் தின்னலாம்தான். முந்தாநாள் அப்படித் தின்ற முயல்கள் இன்னும் புதரைவிட்டு வெளியே வரவில்லை. அதனால் வேகவைத்தே ஆகவேண்டும். காய்ந்த புல்லில் தீ மூட்டினால் கொள்ளோடு காடும் வெந்துவிடும். தீ ஏதாவது ஒன்றுக்குள் இருக்க வேண்டும், தூக்கிக்கொண்டும் போக முடியவேண்டும்.

நல்லவேளை, மனிதர்கள் தாராளமானவர்கள். காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் பால்பொடி டப்பா, நசுங்கிய கிண்ணம், கொஞ்சம் கம்பி, அணைக்காத கங்கு எல்லாவற்றையும் காட்டுக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். உடைந்த பாட்டிலும் கொடுத்திருந்தார்கள். அதை மட்டும் தளவாய் தன் பின்னங்காலால் வாங்கிக்கொண்டான். கால் வீங்கி, நடந்தால் உயிர் போனது.

தன் முதுகில் ஒரே ஒரு இடம்தான், அது சமைக்கிறவருக்கு என்று ஆவுடையம்மா சொல்லியிருந்தது. காரணம் கேட்டவர்களிடம், ஒருத்தருக்குக் கால் வலி என்று ஏற்றினால் மறுநிமிஷம் எல்லாருக்கும் கால் வலிக்கும் என்றது. கூட்டத்துக்குப் பின்னால் ஒரு சிறுத்தை வருவதும் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பேராசை கிடையாது. கடைசியாக நொண்டிக்கொண்டு வருகிற ஒருத்தன் போதும்.

ஆகவே தளவாய் சமையற்காரன் ஆனான்.

டப்பாவை அடுப்பாக்கலாம் என்று கண்டுபிடித்தது அவன்தான். அதை மறுக்க முடியாது. வளைத்த கம்பியைக் கைப்பிடியாக மாட்டினான். இலைச்சாறு போட்டு இரண்டு நாள் தேய்த்தான். டப்பா நிலா மாதிரி மின்னியது. அப்போதுதான் சுடலி வந்தாள். சுடலி மரங்கொத்தி.

டப்பாவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, காற்று உள்ளே போகக் கீழே நாலு, புகை வெளியே வர மேலே நாலு, ஆக எட்டு ஓட்டை போட வேண்டும் என்றாள். தேக்கையே துளைத்த மூக்கு, தகரம் ஒரு பொருட்டே இல்லை, கூலியும் வேண்டாம் என்றாள்.

"உனக்கு எதைப் பார்த்தாலும் ஓட்டை போடணும்" என்றான் தளவாய். டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். முழு டப்பாவை ஓட்டை டப்பா ஆக்குவதற்குப் பேர் யோசனையா என்று அவளை விரட்டிவிட்டான். அந்தப் பெருமையையும் அன்றைக்கே காடு முழுக்கச் சொல்லி முடித்தான்.

இப்போது நாலாவது தடவையும் அணைந்துவிட்டது. கிளம்ப நேரமாகிறது என்று ஆவுடையம்மா காதை ஆட்டியது. சுடலி கிளையிலிருந்து இறங்கினாள்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலண்ணே. கொஞ்ச நேரம் குடுங்க, போட்டுத் தர்றேன்."

தளவாய் காலைப் பார்த்தான். பின்னால் புதரைப் பார்த்தான். புதர் அசைந்தது. பிறகு டப்பாவைப் பார்த்தான். அதில் அவன் முகம் தெரிந்தது. மூக்கெல்லாம் கரி, ஆனாலும் ராஜா மாதிரி இருந்தது.

"ஓட்டை டப்பாவோட யானை மேல உக்காந்து போனா காடே சிரிக்கும்" என்றான்.

"இப்ப மட்டும் அழுதுக்கிட்டா இருக்கு?" என்றது மாடக்கண்ணு.

ஆவுடையம்மா துதிக்கையை நீட்டி டப்பாவை எடுத்துச் சுடலி முன்னால் வைத்தது. டொக், டொக், டொக். எட்டு ஓட்டை. உள்ளே சுள்ளியைப் போட்டு, கங்கைப் போட்டு, மேலே கிண்ணத்தை வைத்தார்கள். காற்று கீழே நுழைந்தது, புகை மேலே கிளம்பியது, தீ குபுகுபுவென்று எரிந்தது. கொள்ளு வெந்தது. புதருக்குள்ளிருந்து முயல்கள்கூட எட்டிப் பார்த்தன.

"சமைச்சது யாரு?" என்றது ஆவுடையம்மா. எல்லாரும் சுடலியைக் காட்டினார்கள்.

அப்புறம் என்ன, கூட்டம் கிளம்பியது. இரண்டு சிறகு உள்ள சுடலி யானை முதுகில் சொகுசாக உட்கார்ந்து போனாள். ஒரு கால் வீங்கிய தளவாய் புழுதியைத் தின்றுகொண்டு கடைசியில் நொண்டிப் போனான். முன்னால் ஓட்டை டப்பா வெயிலில் மின்னிக்கொண்டே ஆடியது. அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. பின்னால் காய்ந்த சருகு நொறுங்கியது. பிறகு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நொறுங்கியது.

பார்க்க அழகாக இருப்பதா, வேலைக்கு ஆவதா என்று வந்தால் வேலைக்கு ஆவதையே செய்ய வேண்டும்; தளவாயிடம் கேட்டது எட்டே எட்டு ஓட்டை, அவன் போட விடவில்லை.