அரண்மனைப் பாத்தியும் வீட்டுப் பாத்தியும்

ராஜாக்கள் தங்கத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டே அந்தத் தட்டைப் பார்த்துப் பயந்த காலத்துக் கதை இது. பெரியவர்களே, வாண்டுகளே, கொஞ்சம் காதைக் கொடுங்கள்.

ஒரு ராஜா. பேர் அஞ்சாச்சிங்கன். பேரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். அவனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி அந்தச் சீமையிலேயே கிடையாது. எதிரி சோற்றில் விஷம் வைத்துவிடுவான் என்று ராப்பகலாகப் பயம். அதனால் ருசி பார்க்க ஓர் ஆளை வைத்திருந்தான். மூன்று வேளையும் எல்லாப் பதார்த்தத்திலும் ஒரு கிண்ணம் அந்த ஆள் முதலில் தின்ன வேண்டும். அதன் பிறகும் பயம் தீராமல் ராஜா இரண்டு வாய்தான் கொறிப்பான். வெளியில் ஒரு வாய் கஞ்சி குடிக்கக்கூட அவனுக்கு அனுமதி இல்லை.

ஒருநாள் ராஜா சமையற்கட்டுக்குள் எட்டிப் பார்த்தான். கூடையில் இருந்த ஒரு கத்தரிக்காயில் சின்னதாக ஓர் ஓட்டை. பிறந்ததிலிருந்து வெந்த கத்தரிக்காயை மட்டுமே பார்த்த மனுஷன் அவன். "ஐயோ, ஊசியால் குத்தி விஷம் ஏற்றியிருக்கிறார்கள்!" என்று அலறினான். அது புழு துளைத்த ஓட்டை என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. மறுநாளே தண்டோரா போட்டார்கள். அரண்மனைக்கு வரும் காயில் ஓட்டை இருந்தால், விளைவித்தவரை யானை மிதிக்கும்.

அரண்மனைக்குக் காய் கொடுத்தவை ஏழு வீட்டுக் கொல்லைகள். அதில் ஒன்று பூவாயியுடையது. அவள் புருஷன் சடையன் அரண்மனை வாசல் காவலாளி. இரண்டு பெண் குழந்தைகள். தண்டோராவைக் கேட்டதும் பூவாயி கொல்லைக்கு ஓடி ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்தாள். தண்டோரா போட்டால் புழுவுக்குக் காது கேட்குமா, சொல்லுங்கள்!

அந்த நேரம் பார்த்து ஒரு பொடிக்காரன் வந்து சேர்ந்தான். "மூணு சிட்டிகை தூவும்மா. ஒரு புழு அண்டாது" என்றான். ஏழு வீட்டிலும் வாங்கினார்கள். பூவாயியும் வாங்கினாள்.

தூவிய முதல் மாதம் கொல்லைக்குச் சிட்டுக்குருவி வரவில்லை. இரண்டாம் மாதம் மண்ணைக் கொத்தினால் ஒரு மண்புழு இல்லை. மூன்றாம் மாதம், உதிர்ந்த கத்தரிக்காயைக் கொத்திய கறுப்புக் கோழிக்கு இறகு கொட்டியது, கால் துவண்டது, பிறகு செத்துப்போனது.

பூவாயி பயந்துபோனாள். அன்றைக்கே துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பாத்தி கட்டினாள். அதற்கு அரிசி களைந்த தண்ணீர், அடுப்புச் சாம்பல், மக்கிய சாணம், அவ்வளவுதான். பொடி கிடையாது. "அது அரண்மனைப் பாத்தி, அதுல கை வைக்காதீங்கடி. இதுதான் நம்ம பாத்தி" என்று பிள்ளைகளை மிரட்டி வைத்தாள். அரண்மனைப் பாத்தியில் மட்டும் பொடி தூவிக்கொண்டே இருந்தாள். தின்னப்போவது ராஜாதானே, நமக்கென்ன என்று இருந்துவிட்டாள்.

அரண்மனையில் ருசி பார்த்த ஆள் நாளாக நாளாக மெலிந்து செத்தான். எதிரியைத் தேடினார்கள். அடுத்த ஆளும் செத்தான். இன்னும் மும்முரமாகத் தேடினார்கள். மூன்றாவதாக வாசலில் நின்ற சடையனைப் பிடித்து இலைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள்.

பூவாயி கும்பிடாத சாமி இல்லை. ஊரே எதிரி எதிரி என்றதால் தன் கூடையை அவள் நினைத்தே பார்க்கவில்லை. எந்த எதிரி விஷம் வைக்கிறானோ, அவன் கை அழுகிப் போகட்டும் என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

மூன்று மாதம் போனது. ஒரு சாயங்காலம் சடையன் வீட்டுக்கு வந்து தலைப்பாகையை அவிழ்த்தான். முடி கொத்தாக அதோடு வந்தது. நகமெல்லாம் வெளுத்திருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தான், கால் துவண்டு விழுந்தான்.

பூவாயி அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கறுப்புக் கோழியின் காலும் இப்படித்தான் துவண்டது. "அடிப் பாவி, நானே என் கையால கொடுத்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இனி பொடி தூவினால் புருஷன் சாவான். தூவாவிட்டால் அவளை யானை மிதிக்கும். விடிய விடிய அழுதாள். விடிந்ததும் வீட்டுப் பாத்திக் கத்தரிக்காயைப் பறித்தாள். மூன்று காயில் ஓட்டை இருந்தது. மூன்றையும் கூடையில் மேலாகவே வைத்துக்கொண்டு அரண்மனைக்கு நடந்தாள்.

காவலர்கள் ஓட்டையைப் பார்த்தார்கள். அவளை இழுத்துப்போய், அன்றைக்கு வந்த மற்ற வீட்டுக் கூடைகளோடு ராஜா முன்னால் தள்ளினார்கள். யானை வந்து நின்றது. அதன் மூச்சு அவள் முதுகில் பட்டது.

"பெண்ணே, விஷம் ஏற்றியது யார்?" என்றான் ராஜா.

பூவாயி ஓட்டைக் காயைப் பிளந்தாள். உள்ளே கொழுகொழுவென்று ஒரு புழு நெளிந்தது. மற்ற வீட்டுக் கூடையிலிருந்து பளபளவென்று ஒரு காயை எடுத்து, அதன் மேல் அந்தப் புழுவை விட்டாள்.

புழு ஒரு விரற்கடை தூரம் ஊர்ந்தது. சுருண்டது. அசையாமல் கிடந்தது.

"ராசா, உங்களுக்கு முன்னால இந்தக் காயை ருசி பார்த்தது இந்தப் புழுதான். என் காயைத் தின்னு கொழுத்துச்சு. உங்க காயைத் தொட்டதும் செத்துச்சு. ஓட்டைக்குப் பயந்து நாங்க ஏழு வீட்டுக்காரங்களும் நஞ்சைத் தூவினோம். நானும் தூவினேன். என் பிள்ளைங்களுக்கு மட்டும் தனிப்பாத்தி வச்சுக்கிட்டேன். இப்ப உங்களுக்கு ருசி பார்க்கிற என் புருஷன் முடி கொட்டி, நகம் வெளுத்து, எழுந்திரிக்க மாட்டாம கிடக்கான்."

ராஜா தன் கையைத் திருப்பிப் பார்த்தான். அவன் நகமும் வெளுத்திருந்தது. தேடித் தேடிக் கிடைக்காத எதிரி யாரென்று அவனுக்குப் புரிந்தது. அந்தத் தண்டோராவைப் போடச் சொன்னதே அவன்தானே!

"யானையைக் கொண்டுபோங்கள்" என்றான்.

அன்றிலிருந்து அரண்மனை வாசலில் ஓட்டைக் காய் ஒன்றுகூட இல்லாத கூடையைத்தான் நிறுத்தி விசாரித்தார்கள். ஏழு கொல்லையிலும் பொடி பட்ட மண்ணை வெட்டியெடுத்து ஆழக் குழியில் புதைத்து, புதிதாகப் பாத்தி கட்டினார்கள். மெல்ல மண்புழு வந்தது. அதற்குப் பிறகு குருவியும் வந்தது.

சடையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அவன் கை நடுக்கம் கடைசிவரை போகவில்லை. மூன்று வேளையும் பூவாயிதான் அவனுக்குச் சோறு ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் தன் கையை ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

நம் பிள்ளைக்குக் கொடுக்கத் துணியாத காயை ஊராருக்கு விளைவித்தால், அந்த நஞ்சு சுற்றி வந்து நம் வீட்டு ஆளையே தொடும்.