வெள்ளைக்கரட்டின் வாயு

வெள்ளைக்கரடு என்ற பாறைக்குன்றுக்கு அடியில் ஹைட்ரஜன் வாயு இருக்கிறது என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் நல்லசிவம்.

அரசாங்கத்தில் நிலவியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கரட்டைச் சுற்றி வட்ட வட்டமாகப் புல் முளைக்காத இடங்கள் இருந்தன. அடியிலிருந்து வாயு கசிவதால்தான் அப்படி என்பது அவர் எண்ணம். ஆழத்தில் கிடக்கும் பச்சைக் கல்லோடு தண்ணீர் சேர்ந்தால் அந்த வாயு தானாகவே பிறக்கும். எடுத்தால் புகையில்லாமல் எரியும். இதை எழுதி எழுதி மேலே அனுப்பினார். பதில் வரவில்லை.

அவருடைய அறுபத்து மூன்றாவது வயதில் ஒரு சிறிய கம்பெனி துளை போட்டுப் பார்க்கச் சம்மதித்தது.

இடத்தைக் குத்தகைக்குக் கொடுத்தவர் அங்கமுத்து. கரட்டடியில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு. வேறு நிலம் கிடையாது. நல்லசிவமே நேரில் போய்க் கேட்டார்.

"நீங்க சொன்னாச் செரிங்க" என்றார் அங்கமுத்து.

சித்திரையில் எல்லா மரங்களும் வெட்டப்பட்டன. கடைசி மரம் விழும்வரை அங்கமுத்து நின்று பார்த்தார். பிறகு மரம் ஏறும் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

துளையிலிருந்து வரும் வாயுவை அளக்க ஜெசிந்தா வந்தார். தூத்துக்குடிப் பக்கம். முப்பத்தெட்டு வயது. பதினாறு வருஷமாகக் கடலிலும் பாலைவனத்திலும் எண்ணெய்க் கிணறுகளில் இதே வேலை. அதிகம் பேசமாட்டார்.

நல்லசிவம் அவருடைய கேபின் வாசலில் போய் நின்றார்.

"எனக்குக் கல்லு தெரியுங்க. வாயுவை அளந்து படிக்கத் தெரியாது. நீங்க கத்துக் குடுக்கணும்."

"உங்களுக்கு என்ன வயசு சார்?"

"அறுபத்து மூணு."

"ரொம்ப நேரம் நிக்கணும். கால் வலிக்கும்."

"பரவால்லீங்க டீச்சர்."

அன்றிலிருந்து டீச்சர் என்றே கூப்பிட்டார். ஜெசிந்தா வேண்டாமென்று இரண்டு முறை சொல்லிவிட்டு விட்டுவிட்டார்.

அவர் நல்லசிவத்தை, வாயுவின் அளவு கோடாக ஓடும் திரைக்கு முன்னால் உட்காரவைக்கவில்லை. சல்லடைக்கு அனுப்பினார். துளைக்குள் சேற்றுக் கரைசலை ஓயாமல் இறைப்பார்கள். அது அடிவரை போய், கல்தூளையும் வாயுவையும் சுமந்துகொண்டு மேலே வரும். தூள் சல்லடையில் தங்கும். நல்லசிவம் பத்து நாள் அங்கே நின்றார். தூளை அள்ளிக் கழுவினார், பையில் போட்டார், ஆழத்தை எழுதினார். முழங்கால் வீங்கியது. யாரிடமும் சொல்லவில்லை.

பதினோராம் நாள் ஜெசிந்தா திரையைக் காட்டினார்.

"இந்தக் கோடு என்ன சொல்லுது சார்?"

"இப்ப அடியில எவ்வளவு வாயு இருக்குங்கிறதை."

"இல்ல. இது அடியில இருந்து கிளம்பி அரை மணி நேரம் ஆச்சு. அங்க இப்ப என்னன்னு நமக்குத் தெரியாது."

"தெரிஞ்சுக்க என்ன பண்றது?"

"இன்னும் அரை மணி நேரம் உக்காரணும்."

தினமும் காலையில் அங்கமுத்து கம்பி வேலிக்கு வெளியே வந்து நிற்பார்.

"வந்துருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"செரிங்க."

அதற்குமேல் கேட்கமாட்டார். போய்விடுவார்.

ஆனி மாதம். வானம் மூடியே கிடந்தது. தொள்ளாயிரத்து இருபது மீட்டரில் கல் கெட்டிப்பட்டது. குழாயின் நுனியில் கல்லை அரைக்கும் முனையை அங்கே பிட் என்பார்கள். பிட் கீழே திணறியது. மேலே இயந்திரம் முழுவதும் அதிர்ந்தது. முக்கால் மணி நேரம் கழித்துத் திரையில் ஹைட்ரஜன் கோடு ஏறத் தொடங்கியது.

நல்லசிவம் எழுந்து நின்றார். திரைக்கு அருகில் போனார்.

கோடு ஏறிக்கொண்டே போனது.

மேலாளர் குணாளன் ஓடிவந்தார். பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். ஆட்கள் கைதட்டினார்கள். யாரோ டீக்கடையில் இருந்த பன்னையெல்லாம் வாங்கிவந்து பங்கு போட்டார்கள்.

நல்லசிவம் வேலிவரை போனார். அங்கமுத்து இல்லை. வீட்டுக்கே நடந்தார்.

"வந்துருச்சுங்க!"

அங்கமுத்து கைகூப்பினார். "உங்க வாக்குப் பலிச்சுருச்சுங்க" என்றார். அவர் மனைவி மாராயி உள்ளே போய்ச் சாமி விளக்கை ஏற்றினாள். பிறகு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நல்லசிவத்தின் கண்கள் நிறைந்திருந்தன. முழுச் சொம்பையும் குடித்தார்.

திரும்பி வந்தபோது ஜெசிந்தாவின் பங்கு பன் மேசையில் அப்படியே இருந்தது.

"டீச்சர், உங்களுக்குச் சந்தோஷம் இல்லீங்களா?"

"ஹீலியம் கோட்டைப் பாருங்க."

அது அசையாமல் கிடந்தது.

"ஆழத்துல இருந்து ஹைட்ரஜன் வந்தா, அதுவும் கொஞ்சம் கூட வரும். அனேகமா."

"வந்தே ஆகணும்னு இல்லீங்களே."

"இல்லதான்."

"அப்ப இது நிஜமா இல்லையான்னு எப்படிங்க தெரியும்?"

ஜெசிந்தா வாக்கிடாக்கியை எடுத்தார்.

"பிட்டைத் தூக்குங்க. பம்பை நிறுத்துங்க. ஒரு மணி நேரம் துளையைச் சும்மா விடுங்க."

குணாளன் வந்து கேட்டார். "எதுக்கு மேடம்? நல்லா வந்துக்கிட்டிருக்கே?"

"அதுக்குத்தான்."

சத்தம் நின்றது. இரண்டு மாதத்தில் முதல் முறையாகக் கரட்டில் காற்று வீசுவது கேட்டது. தூறல் விழுந்தது. ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். நல்லசிவம் கேபினை விட்டு வெளியே போகவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் பம்ப் ஓடியது. சும்மா கிடந்த சேறு மேலே ஏறத் தொடங்கியது. கல்லில் வாயு இருந்தால், யாரும் தொடாத அந்த ஒரு மணி நேரத்தில் அது தானாகக் கசிந்து சேற்றில் சேர்ந்திருக்கும்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

கோடு தரையில் கிடந்தது.

பிட்டை இறக்கிக் கல்லை அரைத்தார்கள். கோடு ஏறியது. தூக்கினார்கள். இறங்கியது. மறுபடியும் இறக்கினார்கள். சாயங்காலம்வரை மூன்று முறை பார்த்தார்கள்.

"எங்கிருந்துங்க டீச்சர் வருது?"

"நாமதான் உண்டாக்குறோம் சார். இவ்வளவு கெட்டியான கல்லுல உரசறப்ப பிட் காய்ஞ்சு கொதிக்குது. அந்தச் சூட்டுல சேத்துத் தண்ணி உடையுது. அதுல வர்ற ஹைட்ரஜன்."

"கொஞ்சம் கல்லுல இருந்தும் வந்திருக்கலாமில்லீங்களா?"

"வந்திருக்கலாம்."

"அப்புறம்?"

"நம்ம சத்தத்துல அது கேக்காது."

அதற்குப் பிறகு மெதுவாகத் துளைத்தார்கள். முப்பது மீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி, துளையைச் சும்மா விட்டு, சேற்றை மேலே கொண்டுவந்து பார்த்தார்கள். இரண்டு இடங்களில் கல்லையே உருளையாக அறுத்தெடுத்து, காற்றுப் போகாத டப்பாவில் அடைத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் நல்லசிவமே எழுதினார். ஒவ்வொரு முறையும் எழுதுவதற்கு முன் ஜெசிந்தாவின் முகத்தைப் பார்ப்பார். ஜெசிந்தா திரையைப் பார்ப்பார்.

மூன்று வாரம் போனது. ஆயிரத்து நானூறு மீட்டரோடு நிறுத்தினார்கள். ஒன்றும் இல்லை.

அந்த மூன்று வாரமும் அங்கமுத்து வேலிக்கு வந்தார். எதுவும் கேட்கவில்லை. அவரைப் பொறுத்தவரை வாயுதான் வந்துவிட்டதே. ஒரு நாள் முருங்கைக்கீரை, ஒரு நாள் எள்ளுருண்டை என்று எதையாவது கொடுத்துவிட்டுப் போவார். நல்லசிவம் வாங்கிக்கொண்டார். இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தார்.

கடைசி நாள் குணாளன் ஒரு அறிக்கையோடு வந்தார்.

"அந்த முதல் நாள் கோடு இருக்கு பாருங்க, அதை மட்டும் போட்டிருக்கேன். பொய் ஒண்ணும் எழுதலை. ஏறினது ஏறினதுதானே? இதைக் காட்டினா ரெண்டு வருஷத்துல அடுத்த துளைக்குக் கம்பெனி ஒத்துக்கும். அதுவரைக்கும் இடம் நம்மகிட்டயே இருக்கட்டும். ஆலோசகர்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

நல்லசிவம் அதை எடுத்துக்கொண்டு கேபினுக்குப் போனார்.

"டீச்சர், இதுல பொய் இருக்குங்களா?"

ஜெசிந்தா படித்தார். "இல்ல சார்."

"கையெழுத்துப் போடட்டுங்களா?"

ஜெசிந்தா தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் வேலைக்கு வந்து மூணாம் வருஷம். பாலைவனத்துல ஒரு கிணறு. இதே மாதிரி கோடு ஏறுச்சு. எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. நிறுத்திப் பாக்கச் சொல்லல. எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. எனக்கும் நல்ல பேரு. அதை நம்பிப் பக்கத்துல இன்னும் மூணு கிணறு போட்டாங்க. எதுலயும் வாயு இல்ல. மூணாவதுல சம்சுதீன் அண்ணன்னு ஒருத்தர், கீழக்கரைக்காரர். பைப்பை முடுக்குற இடத்துல கை மாட்டிக்கிச்சு. மணிக்கட்டோட போச்சு."

நல்லசிவம் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனேன். 'வாயு கிடைச்சுதா தங்கச்சி'ன்னு கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"கிடைச்சுது அண்ணேன்னு சொன்னேன்."

"இப்ப எங்க இருக்கார்?"

"ஊர்லதான். பெருநாளைக்குப் பெருநாள் போன் பண்ணுவார். இது வாப்பா கையைக் குடுத்து எடுத்த வாயுன்னு பிள்ளைகள்ட்ட சொல்லி வளத்திருக்கார். போன வருஷம் மூத்த பையன் இதே வேலைக்கு வருவேன்னு ஒத்தக்கால்ல நின்னான். என்னைச் சேத்துவிடச் சொன்னார். அன்னைக்குத்தான் நடந்ததைச் சொன்னேன்."

"அவரு?"

"போனை வச்சுட்டார். அப்புறம் நான் கூப்பிட்டா எடுக்கிறதில்ல."

வெளியே குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கும் சத்தம் கேட்டது. நல்லசிவம் குணாளனின் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வேறு தாளை எடுத்தார். எந்தெந்த ஆழத்தில் நிறுத்தினார்கள், எவ்வளவு நேரம் சும்மா விட்டார்கள், என்ன வந்தது என்பதை வரிசையாக எழுதினார். எல்லா வரியும் ஒரே மாதிரி முடிந்தது. கடைசியில், முதல் நாள் கோடு பிட்டின் சூட்டில் உண்டானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

குணாளன் வாங்கிப் படித்தார்.

"இனி இந்தக் கரட்டுப் பக்கம் யாரும் வரமாட்டாங்க சார். முப்பது வருஷத்தை உங்க கையாலயே மூடிட்டீங்க."

நல்லசிவம் தலையசைத்தார்.

துளையில் சிமென்ட் ஊற்றி அடைத்தார்கள். அடைப்பு இறுகிய அன்று காலையில் அவர் அங்கமுத்துவைத் தேடிப் போனார். ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்தது. அங்கமுத்து வேலியோரம் ஒரு தென்னந்தூரைக் கடப்பாரையால் தோண்டிக்கொண்டிருந்தார்.

"அங்கமுத்து, அடியில ஒண்ணும் இல்லீங்க."

கடப்பாரை நின்றது.

"அன்னிக்கு வந்துருச்சுன்னீங்க."

"தப்பாச் சொல்லிட்டேன்."

"தப்புன்னு எப்பங்க தெரிஞ்சுது?"

நல்லசிவம் தரையைப் பார்த்தார். "அன்னிக்குச் சாயங்காலமே."

அங்கமுத்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று நல்லசிவம் காத்திருந்தார். அவர் திட்டவில்லை.

"வேற பக்கத்துல எங்காச்சும் இருக்குமுங்களா?"

கரட்டின் கிழக்குச் சரிவில் பெரிய வட்டங்கள் இருந்தன. மாதிரி எடுத்த கல், வரைந்த படம், எழுதிய கடிதம் எல்லாம் நல்லசிவத்தின் நாக்கு நுனிவரை வந்தன.

"எனக்குத் தெரியலீங்க" என்றார்.

"கம்பெனி திரும்பி வருமுங்களா?"

"வராது. இடம் இனி உங்களுதுதான். இந்த மழைக்கே தென்னங்கன்னு வெச்சுருங்க."

"வெச்சாக் காய்க்க ஆறு வருசமாகுமுங்க. எனக்கு அறுவத்தெட்டு."

அங்கமுத்து கடப்பாரையைத் தூருக்குள் மறுபடியும் இறக்கினார். அதற்குப் பிறகு நிமிரவில்லை. நல்லசிவம் வெகுநேரம் நின்றார். வீட்டு வாசலில் மாராயி தெரிந்தாள். அவரைப் பார்த்தாள். தண்ணீர் கொண்டுவரவில்லை. உள்ளே போய்விட்டாள்.

நல்லசிவம் திரும்பி வந்தபோது ஜெசிந்தாவை ஏற்றிப்போக வண்டி வந்திருந்தது. கேபினுக்குள் அவர் மெல்லிய வாயுக் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேனுங்க டீச்சர். இந்த மழைக்கே கன்னு வெக்கச் சொன்னேன்."

"ம்."

"உண்மையைச் சொல்லிட்டா மனசு லேசாயிரும்னு நெனச்சேன். ஆகலீங்க."

ஜெசிந்தா கடைசிக் குழாயையும் சுருட்டிப் பெட்டியில் வைத்தார். மூடியை அழுத்தினார்.

"அவர் கன்னு வைக்கணும்னுதான சார் உண்மையைச் சொன்னீங்க?"

"ஆமாங்க."

"அப்ப நீங்க எதுக்கு லேசாகணும்?"