பன்னிரண்டு பானையும் ஒரு கைராசியும்

அந்தக் குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று.

ஓடைக்கரையில் ஒரு ஓட்டு வீடு, அதில்தான் குரு இருந்தார். சீடர் நாச்சிமுத்து பக்கத்து ஊர்க்காரர். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நேராக இங்கே வந்துவிடுவார். குருவைத் "தாயி" என்று கூப்பிடுவார். நினைவு தப்பினால் "அம்மிணி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். குரு இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்.

ஒருநாள் வந்தவர் உட்காரவில்லை.

"தாயி, ஒரு கேள்விங்க."

"உட்கார்ந்து கேளுங்கய்யா."

"உட்கார்ந்தா வாய் வராதுங்க. மருமகளை அவ பொறந்த வீட்டுக்கே அனுப்பிடலாம்னு இருக்கறோம். சரிங்களா, தப்புங்களா?"

"வசந்தாமணியையா? என்ன செஞ்சா?"

"ஒண்ணும் செய்யலைங்க. கைராசி இல்லைங்க."

போன வருஷம் மாரியம்மன் நோன்புக்கு வசந்தாமணி போட்ட முளைப்பாரி அழுகிப்போனது. அதே மாதம் கன்றுக்குட்டி செத்தது. அப்புறம் மூன்று நாள் சேர்ந்தாற்போல் தயிர் உறையவில்லை. நாச்சிமுத்துவின் மனைவி பாவாத்தாள் எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணி வைத்திருந்தாள்.

"அவ கை பட்டு நல்லா வந்தது எத்தனை?" என்று கேட்டார் குரு.

நாச்சிமுத்து கூரையைப் பார்த்தார். "அதையெல்லாம் யாருங்க எண்ணுவா?"

"குழந்தை?"

"அது அவகூடத்தான் போகும். எட்டு மாசம். பால்குடி." இதைச் சொல்லும்போது ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அமாவாசை கழிஞ்சதும் அனுப்பறதா பேச்சு. பெட்டி கட்டியாச்சுங்க."

"அமாவாசைக்கு எத்தனை நாள்?"

"பதினொண்ணு."

"பத்து போதும். நாளைக்குப் பன்னெண்டு பானை கொண்டு வாங்க. நவதானியம் ஊறப்போட்டு எடுத்துட்டு வாங்க. ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் மூவரும் வந்தார்கள். முன்னால் பாவாத்தாள், தலையில் ஊறிய தானியக் குண்டா. நடுவில் பானை வண்டியைத் தள்ளிக்கொண்டு நாச்சிமுத்து. கடைசியில் இடுப்பில் குழந்தையோடு வசந்தாமணி.

"ஆறு பானை நீங்க போடுங்க. ஆறு அவ போடட்டும்," என்றார் குரு.

பாவாத்தாள் சிரித்தாள். "இதுக்கு எதுக்குத் தாயி பன்னெண்டு? ஒண்ணே போதும். முளையைப் பாத்த மாத்திரத்துல சொல்லிடுவனே, இது என் கை, இது இவ கைன்னு."

"அதைத்தான் கேக்கறேன். சொல்லுங்க."

ஒரே மண், ஒரே வைக்கோல், ஒரே எரு. பாவாத்தாளின் பானைகளுக்கு அடியில் குரு கரியால் வட்டம் போட்டார். மருமகளின் பானைகளுக்குப் பெருக்கல் குறி. நாச்சிமுத்துவை வெளியே அனுப்பி, ஓடையைப் பார்த்து நிற்கச் சொன்னார்.

வசந்தாமணி குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஒரு கையால் போட்டாள். தானியம் பானைக்கு வெளியே சிந்தியது.

"பாத்தீங்களா? போடறப்பவே சிந்துது."

"உங்க இடுப்புல குழந்தை இல்லையேம்மா," என்று குரு குழந்தையை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு சிந்தவில்லை.

விதைத்து முடிந்ததும் பெண்கள் வெளியே வந்தார்கள், நாச்சிமுத்து உள்ளே போனார். எது யார் பானை என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகத் தூக்கி இருட்டறையில் தன் இஷ்டத்துக்கு வைத்தார். எந்தப் பானை எங்கே இருக்கிறது என்று இப்போது மற்றவர்களுக்கும் தெரியாது. தினமும் பானைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் விடுவதும் அவர் வேலை.

"முடிஞ்சுதுங்களா?" என்றாள் பாவாத்தாள்.

"இன்னும் இல்ல. பன்னெண்டுல உங்க பானை ஆறு. அந்த ஆறையும் எடுத்து வைக்கணும் நீங்க. எத்தனை சரியா இருந்தா நம்பலாம்?"

"பாதிக்கு மேல இருந்தா நம்ப வேண்டியதுதானே?"

குரு உள்ளே போய் ஒரு சுருக்குப்பை கொண்டுவந்தார். பன்னிரண்டு புளியங்கொட்டை. ஆறில் சுண்ணாம்புப் பொட்டு.

"நாச்சிமுத்தய்யா, பையைப் பார்க்காம ஆறு கொட்டை எடுங்க. எத்தனை பொட்டு?"

"மூணுங்க."

"சுவத்துல எழுதுங்க. திரும்பப் போட்டுக் குலுக்கி எடுங்க."

"நாலு."

"எழுதுங்க."

ஐம்பது தடவை எடுத்தார். பத்தாவது தடவைக்கு மேல் அலுத்துக்கொண்டார். இருபதுக்கு மேல் அவருக்கே ஆசை வந்துவிட்டது. ஒரு தடவை ஐந்து பொட்டு வந்ததும் துள்ளிவிட்டார். பாவாத்தாள், "கிழவனுக்குக் கோலி ஆடற வயசு திரும்பிருச்சு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்க்கத் தவறவில்லை.

"சொல்லுங்க," என்றார் குரு.

நாச்சிமுத்து சுவரைப் படித்தார். "மூணு, இருபத்திரண்டு தடவை. நாலு, பன்னெண்டு தடவை. ரெண்டு, பதிமூணு. ஒண்ணு, ரெண்டு தடவை. அஞ்சு, ஒரே தடவை."

"ஆறு?"

"வரவே இல்லைங்க."

"இனி சொல்லுங்க. அம்மா நாலு பானை சரியாச் சொன்னா நம்பலாமா?"

நாச்சிமுத்து தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுந் தெரியாத இந்தக் கையே பன்னெண்டு தடவை நாலு எடுத்திருச்சுங்களே."

"அஞ்சு?"

"அதையும் எடுத்திருக்குதுங்க."

"எனக்கெதுக்கு நாலும் அஞ்சும்?" பாவாத்தாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆறையும் எடுத்து வெக்கறேன். அப்ப?"

"நீங்களே சொல்லுங்க."

"இவ கிளம்பட்டும்."

"எடுக்க முடியலைன்னா?"

பாவாத்தாள் மருமகளைப் பார்க்கவில்லை. "பெட்டியை அவுத்துக்கட்டும்."

"ஐயா, அதையும் சுவத்துல எழுதிடுங்க."

"வாயால சொன்னா போதாதுங்களா தாயி?"

"முளைச்சதுக்கு அப்புறம் பேசினா நாக்கு வளையும். இப்ப நேரா இருக்கு. எழுதிடுங்க."

எழுதினார். வசந்தாமணி குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தாயி, ஆறும் சரியா வந்துட்டா?"

குரு குழந்தையை அவள் கையில் கொடுத்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு, கண்ணு," என்றார்.

எட்டு நாள் போனது. நாச்சிமுத்து தண்ணீர் விட வரும்போதெல்லாம் பாவாத்தாளும் ஏதாவது ஒரு சாக்கோடு பின்னாலேயே வந்தாள். ஒருநாள் மோர் கொண்டுவந்தாள். ஒருநாள் குருவுக்கு முருங்கைக்கீரை. நாச்சிமுத்து கதவைச் சாத்திக்கொண்டால், இடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள்.

"என் பானை வாசம் தனியா வருது."

"வரும் வரும். தள்ளி நில்லு புள்ள."

"முப்பத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன், ஒரு கதவைத் தொறக்க மாட்டீங்களா?"

"அம்மிணி... தாயி திட்டும்."

பத்தாம் நாள் காலையில் பானைகள் வெளியே வந்தன. வெயில் பட்டதும் வெளிர்மஞ்சள் முளைகள் பன்னிரண்டு தீபம் மாதிரி நின்றன. ஒன்றில் மட்டும் ஓரமாகப் பூசணம் பிடித்துச் சாய்ந்திருந்தது.

பாவாத்தாள் மூன்று சுற்று சுற்றினாள். குனிந்து மோந்தாள். உயரத்தை முழங்கையால் அளந்தாள். எல்லாவற்றிலும் உயரமாக, அடர்த்தியாக இருந்ததை முதலில் எடுத்துத் தன் பக்கம் வைத்தாள்.

"இது என் கை. இதுக்குக் கண்ணே வேண்டாம்."

பூசணம் பிடித்ததைக் காலால் லேசாகத் தள்ளினாள். "இது இவளுது. சொல்லவே வேண்டாம்."

ஐந்தாவதை எடுப்பதற்குள் வியர்த்துவிட்டது. ஆறாவதை எடுத்து வைத்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டு, பிறகு எடுத்தாள்.

வசந்தாமணி குழந்தையின் தலைமேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நாச்சிமுத்து முதல் பானையைத் தூக்கி அடியைப் பார்த்தார். உயரமானது. திரும்பவும் பார்த்தார்.

"என்னங்க?"

"பெருக்கலு."

"நல்லாப் பாருங்க. கண்ணாடி போட்டுப் பாருங்க."

"பெருக்கலுதாண்டி."

அடுத்தது வட்டம். அதற்கடுத்தது வட்டம். பிறகு ஒரு பெருக்கல். கடைசி இரண்டும் வட்டம்.

"நாலு!" என்று கையைத் தட்டினாள் பாவாத்தாள். "பாதிக்கு மேல! நான்தான் சொன்னேனே!"

நாச்சிமுத்து சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார்.

"அடுப்புக்கரியில கிறுக்கினது சாமி வாக்குங்களா?"

"நீ சொல்லித்தான எழுதினேன்."

பூசணம் பிடித்த பானையை யாரும் தூக்கச் சொல்லவில்லை. ஆனாலும் நாச்சிமுத்து தூக்கினார். வட்டம்.

முதலில் சிரித்தது வசந்தாமணிதான். வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து அவள் குலுங்கியதில் குழந்தைக்கு விக்கல் எடுத்தது.

பாவாத்தாள் அந்த உயரமான பானையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தானியம் எத்தனை நேரம் ஊறினது இது?"

"நீங்க ஊறப்போட்டதுதாங்கத்தை. ஒரே குண்டா."

"அதானே பாத்தேன்," என்றாள் பாவாத்தாள். அவளுக்கு மூச்சு நேராக வந்தது. "நான் ஊறப்போட்டா அப்படித்தான் வரும். குழந்தையைத் தாயிகிட்டக் குடுத்துட்டு ரெண்டு பானையைத் தலையில வை. ஓடையில கரைச்சுட்டு வெரசாப் போகணும். பெட்டியில என் வெள்ளிக் குங்குமச்சிமிழும் சேர்ந்து கட்டிக் கிடக்குது, அவுக்கணும்."

பெண்கள் பானைகளோடு முன்னால் போனார்கள். நாச்சிமுத்து குருவோடு பின்னால் நடந்தார். அவர் கையில் இரண்டு பானை. குருவின் இடுப்பில் குழந்தை.

"தாயி, அப்ப இவ கை ராசியான கைங்களா?"

"தெரியாது."

"ராசியில்லாத கைங்களா?"

"அதுவும் தெரியாது. பன்னெண்டு பானையில எனக்கு வித்தியாசம் ஒண்ணும் தெரியல. தெரிஞ்சது அவ்வளவுதான்."

நாச்சிமுத்து அதை மென்றுகொண்டே நடந்தார்.

ஓடைக்கு இறங்கும் இடத்தில், குருவின் காலடியில் எதுவோ சரசரத்தது.

குரு "ஐயோ, பாம்பு!" என்று கத்தினார். குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரே தாவு. முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டார். புடவை போனது. ஒரு செருப்பு எங்கே என்று தெரியவில்லை. குழந்தை இது ஏதோ விளையாட்டு என்று கைகொட்டிச் சிரித்தது.

நாச்சிமுத்து பானைகளை இறக்கி வைத்துவிட்டு ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்தார்.

காய்ந்த தேக்கிலை.

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குருவுக்குக் கைகொடுத்து மேலே இழுத்துவிட்டார். சிரித்தபடியே கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, எங்க மருமகளுக்கு மட்டும் பன்னெண்டு பானை, பத்து நாளு, அம்பது தடவை புளியங்கொட்டை. இதுக்கு ஒரே ஒரு சத்தம் போதுங்களா?"

குரு புடவையைப் பிழிந்தார். குழந்தையின் பாதத்தில் ஒட்டிய சேற்றைத் துடைத்தார். பிறகு தேக்கிலையைப் பார்த்தார்.

"நான் தப்பா நெனச்சதால, இந்த இலை கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் பொறந்த வீட்டுக்கு நடக்கப் போறதில்லையேங்கய்யா."