மூடியிருந்த பாயசக் கிண்ணம்

வேங்கைமலை ஜமீன்தாருக்குப் புகழ்ச்சி என்றால் வெல்லம். அவர் இலையில் எது விழுந்தாலும் பந்தியில் இருப்பவர்கள் உடனே "அமிர்தம்!" என்று சொல்லியாக வேண்டும். அது அந்த அரண்மனை வழக்கம். சமையற்காரி செங்கமலம் மட்டும் அவரை ஒருநாளும் புகழ்ந்ததில்லை.

பிறந்தநாள் விருந்தில் ஜமீன்தார் அவளைக் கூப்பிட்டார். "ஊரே என்னைப் பாராட்டுகிறது. உன் வாயில் என்ன, கொழுக்கட்டையா? இப்போதே பாராட்டு. இல்லையென்றால் மூட்டையைக் கட்டு!"

அடுக்களை அறையில் அவள் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. செங்கமலத்துக்கு வேறு போக்கிடம் இல்லை.

"முதலில் பாயசம், எசமான்" என்று ஒரு மூடிய கிண்ணத்தை அவர் இலையில் வைத்தாள்.

"அமிர்தம்!" என்றது பந்தி.

"பின்னே, என் வீட்டுப் பாயசமாயிற்றே!" என்றார் ஜமீன்தார்.

அவள் மூடியைத் திறந்தாள். கிண்ணம் காலி!

ஜமீன்தாரின் மீசை துடித்தது. "என்ன விளையாட்டு இது?"

"புகழ்வதற்கு மூடியைத் திறக்க வேண்டியதில்லை, எசமான். பாராட்டுவதற்கு ருசி பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்ததைச் சொல்லட்டுமா?"

"சொல்."

"போன மாதம் குழந்தைக்குக் காய்ச்சல். அவனை மடியில் போட்டபடி அடுப்படியில் அசந்துவிட்டேன். சாப்பிட வந்த நீங்கள் என்னை எழுப்பவில்லை. பழைய சோற்றை நீங்களே போட்டுச் சாப்பிட்டுவிட்டு, சத்தம் வராமல் தட்டை வைத்துவிட்டுப் போனீர்கள். அரைக்கண்ணில் பார்த்தேன். அந்த மனசை மனதாரப் பாராட்டுகிறேன்."

ஜமீன்தார் குனிந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். "பாயசம் கொண்டு வா, தாயே."

வந்தது. நிதானமாக ஒரு வாய் குடித்தார்.

"முந்திரி பதமாக வறுபட்டிருக்கிறது. ஏலக்காய்தான் கொஞ்சம் தூக்கல்."

செங்கமலம் முகமெல்லாம் சிரித்தாள்.