எல்லை தாண்டிய பட்டங்கள்

மேழிநாட்டில் இருந்தது ஒரே ஒரு பல்கலைக்கழகம். அங்கே வாங்கிய பட்டத்தைப் பக்கத்து நாட்டில் கொண்டுபோய்க் காட்டினால், "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்பார்கள்.

இந்த அவமானத்துக்கு ஒரு விடிவு வந்தது. சுற்றியுள்ள ஐந்து நாடுகள் ஒரு கூட்டமைப்பாகக் கூடி, இனி எல்லா நாட்டுப் படிப்பும் ஒரே தரம் என்று முடிவு செய்தன. மேழிநாட்டையும் சேர்த்துக்கொண்டு, செய்யவேண்டியதையெல்லாம் ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பின.

கல்வி அமைச்சர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பூவராகன், சிங்காரவடிவு, கோமளவல்லி என்ற மூன்று அதிகாரிகளைக் கூப்பிட்டு, "எழுதியிருக்கிறபடியே செய்யுங்க. ஒரு எழுத்து மாறக்கூடாது" என்றார். அவர்களும் மாற்றவில்லை.

முதல் வரி: 'உங்கள் உயர்கல்வியை அண்டை நாட்டு மட்டத்துக்கு உயர்த்துங்கள்.'

கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு மூவரும் எல்லைக்குப் போனார்கள். அண்டை நாட்டுப் பல்கலைக்கழகம் எல்லைக்கு அந்தப் பக்கத்திலேயே ஒரு மேட்டில் இருந்தது. அளந்து பார்த்த கோமளவல்லி கண் கலங்கிவிட்டார்.

"நாலடி பின்தங்கியிருக்கோம் சார்."

"நாலடியா! இத்தனை வருஷமா யாருமே சொல்லலையே!" என்றார் குழுத் தலைவர் பூவராகன்.

அறுநூறு லாரி மண் வந்தது. வகுப்பறைகளுக்குள் கொட்டி நாலடி உயர்த்தினார்கள். மின்விசிறி தலையில் இடித்ததால், உயரமான பேராசிரியர் ஒருவர் படுத்துக்கொண்டே பாடம் நடத்தினார். மாணவர்களும் படுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது பழக்கம்தான்.

இரண்டாம் வரி: 'ஒவ்வொரு பாடத்தின் சுமையையும் மதிப்பிடுங்கள்.'

சந்தையிலிருந்து தராசு வந்தது. சட்டம் பதினொன்றரைக் கிலோ. கணிதம் இரண்டு கிலோ. தத்துவத்துறை மாணவன் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"புத்தகம் எங்கேப்பா?" என்றார் சிங்காரவடிவு.

"எல்லாம் மண்டைக்குள்ள இருக்கு சார்."

மூவரும் ஒதுங்கி நின்று அரைமணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில் அவன் தலையை மட்டும் தராசில் வைக்கச் சொன்னார்கள். நாலே கால் கிலோ. முடியைக் கழிக்கவேண்டும் என்று கோமளவல்லி அடித்துச் சொன்னதால், மொட்டையடித்து மறுபடி நிறுத்தார்கள்.

இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தவள் செங்கமலம். கால்நடை மருத்துவம் முடித்தவள். மேல்படிப்புக்கு அண்டை நாட்டில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் ஆவணி பிறப்பதற்குள் செல்லுபடியாகும் பட்டம் கொண்டுவந்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம். இன்னும் இரண்டே நாள்.

"ஐயா, என் பட்டம் எப்ப அந்த நாட்டுல செல்லும்?" என்று பூவராகனிடம் கேட்டாள்.

அவர் கடிதத்தைப் புரட்டினார். மூன்றாம் வரி அதேதான்: 'நீங்கள் தரும் பட்டங்கள் எல்லைக்கு அப்பாலும் செல்லவேண்டும்.'

"காத்து அடிச்சா நாளைக்கே செல்லும்மா" என்றார்.

மறுநாள் காலை எல்லையோர மைதானத்தில் முந்நூறு பட்டச் சான்றிதழ்களுக்கு மூங்கில் குச்சி ஒட்டி, வால் கட்டி, நூலும் கோத்தார்கள்.

"முனைவர் பட்டத்துக்கு வால் நீளமா இருக்கணும்" என்றார் சிங்காரவடிவு.

"படிச்ச வருஷத்துக்கு ஒரு முழம் விடுங்க" என்றார் பூவராகன்.

பதினேழு வருஷம் ஆராய்ச்சி செய்த ஒருவரின் பட்டம் வால் கனத்தில் எழும்பவேயில்லை. மற்றவை பறந்தன. செங்கமலம் தன் நூலைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சோதனைச் சாவடியை நோக்கி நடந்தாள்.

காவலர் மறித்தார். "எங்கம்மா போறே?"

"என் பட்டம் முன்னால போகுது. நான் பின்னால போறேன்."

காவலர் அண்ணாந்து பார்த்தார். பட்டத்தோடு வருபவர்களை விடச் சொல்லித்தான் அவருக்கும் உத்தரவு. விட்டுவிட்டார்.

அண்டை நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பதிவாளர் குச்சிகளைப் பிய்த்து, முத்திரையைப் பார்த்தார், மதிப்பெண்ணைப் பார்த்தார், வாலையும் ஒருமுறை பார்த்தார். பதிவேட்டில் பெயரை எழுதிச் சேர்த்துக்கொண்டார். செங்கமலம் வெளியே வந்து ஒரு மாமரத்தடியில் உட்கார்ந்து ஆசைதீர அழுதாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

மற்ற பட்டங்கள் நூல் அறுந்து அந்த நாட்டுத் தென்னை மரங்களில் தொங்கின. கூட்டமைப்பிலிருந்து மேழிநாட்டுக்கு அவசரத் தந்தி பறந்தது: 'போதும். நிறுத்துங்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குங்கள்.'

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மூன்று அதிகாரிகளும் சிலேட்டுப் பலகையும் சாப்பாட்டுத் தூக்கும் எடுத்துக்கொண்டு, பக்கத்து ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள்.

டீச்சர் திகைத்துப்போனார். "யார் உங்களை இங்கே அனுப்பினது? பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க."

பூவராகன் ஓடிப்போய்க் கல்வி அமைச்சரையே கூட்டிவந்தார். வகுப்பு வாசலில் நின்ற அமைச்சர் தந்தியை வாங்கி முழுசாகப் படித்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"டீச்சர், நான் கொஞ்சம் உயரம். கடைசி வரிசையில உட்காரட்டுமா?"