பாதியில் எழுந்த பந்தி

அன்று மத்தியானம் செங்கோடன் பந்தியில் பாதியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடிவிட்டார். அந்த மடத்தில் ஒருவர் எழுந்தால் பந்தி மொத்தமும் எழ வேண்டும். எழுந்தவர் மறுபடி அதே இலையில் உட்காரவும் கூடாது. அத்தனை பேரும் சோற்றை அப்படியே விட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே கை கழுவப் போனார்கள். வயிறு காய்ந்தால் துறவிக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

செங்கோடன் லாரி ஓட்டிய மனுஷர். குருவைவிட வயதில் மூத்தவர். மனைவி போனபிறகு இந்த மடமே கதி என்று வந்தவர். சாயங்காலம் வரைகூடப் பொறுக்கவில்லை, துணிப்பையோடு குருவின் முன்னால் வந்து நின்றார்.

"உத்தரவு கொடுங்க சாமி. நான் கிளம்பறேன்."

"எங்கே போவீங்க?"

"தெரியலீங்க. பாலை விட்டேன். கோதுமையை விட்டேன். வெங்காயம், பூண்டு, பருப்பு எல்லாத்தையும் விட்டாச்சு. குழாய் விட்டும் பாத்துட்டாங்க. குடல்ல புண்ணு இல்லை, கட்டி இல்லை, வெறும் எரிச்சல்தான்னு டாக்டர் சொல்றாரு. வெறும் எரிச்சலாம்! சோத்தைப் பாத்தாலே பயமா இருக்குங்க. இந்தப் பாழாப்போன வயித்த வச்சுக்கிட்டு நான் எங்கீங்க சாமி கும்பிடறது?"

சொல்லிவிட்டு அழுதார்.

"சாப்பிட வாங்க" என்றார் குரு.

குரு எப்போதும் பந்தி முடிந்தபிறகு, பின்கதவோரம் தனியாகத்தான் சாப்பிடுவார். சீடர்கள் பசியாறாமல் அவர் வாயில் ஒரு பருக்கை படாது என்று மடமே பெருமை பேசும். செங்கோடனும் பேசியவர்தான்.

இன்று குரு தன் பக்கத்தில் இன்னோர் இலை போடச் சொன்னார். குழைந்த சோறு, உப்புப் போட்டு வேகவைத்த சுரைக்காய். வேறொன்றும் இல்லை.

"சாமியோட விரதச் சாப்பாடுங்களா?"

"விரதம்னு யார் சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க."

"நானும் மறுக்கலை. வயித்து வலின்னு சொல்றதைவிட அது கௌரவமா இருந்துச்சு."

செங்கோடன் பின்கதவைப் பார்த்தார். அதற்கு நேர் எதிரே கழிப்பறை இருந்தது.

"சாமிக்குமா?"

"பால் ஆகாது, பருப்பு ஆகாது. சுரைக்காய் பரவாயில்லை. சில நாளைக்கு அதுவும் ஆகாது."

செங்கோடன் ஆவலாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்புறம் எப்பங்க சாமி குணமாச்சு?"

குரு பதில் சொல்ல வாயெடுத்தார். முகம் சுருங்கியது. கையில் எடுத்த சோற்றை இலையில் போட்டுவிட்டு எழுந்து, விறுவிறுவென்று பின்கதவைத் தாண்டிப் போனார்.

பழக்கதோஷத்தில் செங்கோடனும் எழுந்து நின்றார்.

வெகுநேரம் கழித்துக் குரு ஈரக் கையோடு திரும்பி வந்தார். அதே இலையின் முன் உட்கார்ந்தார்.

"உட்காருங்க" என்றார். "சோறு ஆறுது."