பகடைக் குவளையில் இரண்டு சீட்டு

வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். முதலில் நிர்வாகத்தார் பஞ்சாலையைப் பூட்டினார்கள்; அதுவும் போனஸ் பேச்சுவார்த்தைக்கு முந்தின நாள். அடுத்து, மறுபடி திறக்கிறோம் என்று சொல்லித் தொழிலாளர்களிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அந்தத் தாள் விருப்ப ஓய்வு மனுவாக மாறி நீதிமன்றத்தில் வந்து நின்றது. மூன்றாவதாக, தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாயை அடைத்தார்கள். நான்காவதாக, வழக்கை இழுத்தார்கள். இழுத்த இழுப்பில் வழக்குப் போட்டவர்களில் பாதிப் பேர் செத்தே போனார்கள். மிஞ்சியவர்களுக்குத் தள்ளாத வயதில் நிலுவையைக் கொடுத்து, அதைத் தங்கள் பெருந்தன்மை என்று பத்திரிகையில் போட்டுக்கொண்டார்களே, அது ஐந்தாவது.

நிலுவை கைக்கு வந்த வாரம் ஆறுக்குட்டிதான் பேச்சை ஆரம்பித்தார். பஞ்சு உடைக்கும் அறையில் வேலை பார்த்து நுரையீரலில் பஞ்சைச் சுமந்து திரிகிற மனிதர்.

"மொதலாளி நம்மள வெச்சுச் சூதாடுனான். சாகறதுக்குள்ள நாமளும் ஒருக்கா ஆடிப் பாத்தரலாம், வாங்கய்யா."

அப்படித்தான் கோவாவில் ஓர் ஆற்றுத்திட்டில் இருந்த சூதாட்ட விடுதிக்கு மூன்று கிழவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஆறுக்குட்டி, நூற்பு இயந்திரங்களைப் பழுதுபார்த்த ஸ்பின்னிங் பிட்டர் லாசர், தொழிற்சங்கத்தின் கடைசிச் செயலாளர் மருதாசலம். ரங்கநாயகிதான் தன் கணவர் மருதாசலத்தின் பையை அடுக்கிக் கொடுத்து, "போயிட்டு வாங்க, நானென்ன ஓடியா போறேன்" என்று அனுப்பிவைத்தாள்.

இரண்டு நாள் சக்கரம் சுழல்வதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தோற்றார்கள். மூன்றாம் நாள் மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். திட்டுக்கு வரும் பாலம் மூழ்கிவிட்டது. மதியம் மருதாசலத்துக்கு மகளின் போன் வந்தது.

"அப்பா, அம்மாவுக்கு நெஞ்சுவலி. இன்னிக்கு ராத்திரி தாண்டறது கஷ்டம்ங்கறாங்க. கண்ணு முழிச்சா உங்களத்தான் கேக்குது. எப்பிடியாச்சும் வந்துருங்கப்பா."

அக்கரைக்குப் போய்விட்டால் விமானம் இருந்தது. அக்கரைக்குப் போக ஒரே ஒரு படகு. நீர் ஏறிக்கொண்டிருந்ததால் இனி மறுநாள்தான் அடுத்த நடை என்று சொல்லிவிட்டார்கள். கூடத்தில் நின்ற அத்தனை பேரும் ஆளுக்கோர் அவசரத்தைச் சொல்லிக் கத்தினார்கள். மேலாளர் கைகூப்பினார்: அறைக்கு ஒருவர், அதற்கு மேல் படகு தாங்காது. மூவருக்கும் ஒரே அறை.

ஆறுக்குட்டியின் இன்ஹேலர் காலையிலேயே தீர்ந்துபோயிருந்தது. சூதாட்ட மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்துவிட்டது.

"நீ போ... செயலாளரே. எனக்கென்ன... இது வருசக்கணக்கா இளுத்துட்டுக் கெடக்குது."

"வாய மூடு. பேசப் பேச மூச்சுப் போகுது," என்றார் மருதாசலம்.

"ரண்டு பேருமே தியாகி ஆயிட்டா படகுல நாந்தான் குந்தோணும்," என்றார் லாசர்.

சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேலையோ நிவாரணமோ எல்லோருக்கும் போதாதபோது சீட்டுக் குலுக்குவார்கள். அவரவர் பெயரை அவரவர் எழுத வேண்டும். குலுக்குகிறவனின் பெயர் மட்டும் உள்ளே இருக்கக் கூடாது. முந்தைய செயலாளர் ஒருவர் தன் சீட்டிலும் மச்சானின் பெயரை எழுதிக் குலுக்கி, அவனுக்கு வேலை எடுத்துக் கொடுத்த பிறகு வந்த விதி அது. எடுத்த சீட்டோடு மிச்சத்தையும் பிரித்துப் பார்த்து, ஒரு பெயர் இரண்டு முறை இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் எல்லோர் முன்னாலும் உரக்க வாசிப்பார்கள். வாசித்தால் வாசித்ததுதான். மருதாசலம் ஒருமுறைகூடத் தன் பெயரைப் போட்டதில்லை. வாழ்க்கையில் தோற்காமல் அவரிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

"சீட்டுப் போட்ரலாம்," என்றார். வேண்டாம் என்று யாராவது தன்னைப் பிடித்துப் படகில் தள்ளிவிட மாட்டார்களா என்று உள்ளே கதறிக்கொண்டிருந்தார்.

லாசர் அவரையே பார்த்தார். "இப்பவுமா?"

"இப்பத்தான்."

சீட்டாட்ட மேசைப் பெண் பென்சிலும் தாளும் தந்து, பகடைக் குவளையையும் தள்ளி வைத்தாள். லாசர் ஒரு பக்கமும் ஆறுக்குட்டி ஒரு பக்கமும் திரும்பிக்கொண்டு எழுதினார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. தன் பெயரை எழுதாமல் மருதாசலம் குலுக்கினார். கூட்டம் சுற்றி நின்றது.

முதல் சீட்டைப் பிரித்தார். லாசரின் சாய்ந்த கையெழுத்து: மருதாசலம். இரண்டாவதைப் பிரித்தார். ஆறுக்குட்டியின் நடுங்கிய கையெழுத்து: மருதாசலம்.

எழுதியிருப்பதை அப்படியே வாசித்தால் போதும். பொய்கூட இல்லை. இருட்டுவதற்குள் அக்கரை, விடிவதற்குள் ரங்கநாயகியின் கட்டில். ஒருமுறை கண் திறந்து பார்த்துவிட்டால் போதும் அவளுக்கு. அவருக்கும் அதுவே போதும். "பேரைச் சொல்லுங்க, படகு கெளம்புது!" என்று யாரோ கத்தினார்கள்.

மருதாசலம் நிமிர்ந்தார். ஆலை வாசலில் ஒலிபெருக்கி இல்லாமலே பேசிய அந்தப் பழைய குரலில், அத்தனை சாட்சிகள் முன்னால் வாசித்தார்:

"ஆறுக்குட்டி!"

தன் முறையை நண்பனுக்கு எழுதிக் கொடுத்த லாசர். தன் மூச்சையே எழுதிக் கொடுத்த ஆறுக்குட்டி. எழுதாத பெயரை வாசித்த மருதாசலம். மூவரும் விதியை மீறினார்கள். இதில் யார் செய்தது சரி?

விடை: மருதாசலம் செய்தது சரி. படகு ரங்கநாயகியின் உயிரைப் பிடித்து வைக்காது. ஆறுக்குட்டியின் உயிரைப் பிடித்து வைக்கும். நண்பர்கள் இருவரும் கொடுத்தது அன்பு. அந்த விதியே அன்புக்குக் கடிவாளம் போட வந்ததுதான். மச்சானுக்கு வேலை கிடைத்ததும் அன்பினால்தான். ஒரே பெயர் இரண்டு முறை வந்ததால் அந்தச் சீட்டு எப்படியும் செல்லாது; செல்லாத சீட்டுக்கு நியாயமான பெயரைத் தந்தார். ஆனால் அந்தக் கடைசிப் பார்வையில் பாதிதான் அவருடையது. மற்றப் பாதி ரங்கநாயகியுடையது. அதையும் சேர்த்து அவர் கொடுத்துவிட்டார். அவளை யாரும் கேட்கவில்லை. சங்கத்தில் விதி எழுதிய நாளிலும் எந்த மனைவியையும் யாரும் கேட்டதில்லை.